எந்த நாட்டிலும் சேராத நாள்

அத்தையிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்கும் கோடு போட்ட நோட்டுதான். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருப்பார். இடப்பக்கம் மேலே ‘கனடா’, வலப்பக்கம் மேலே ‘இந்தியா’. அதன்கீழ் நீல மையில் தேதிகள், மளிகைக் கணக்கு மாதிரி, வரிக்கு ஒன்றாக.

அத்தையும் மாமாவும் டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கனடா குடியுரிமை வாங்கிவிட்டார்கள். அங்கே பனி கொட்டத் தொடங்கும்போது கும்பகோணத்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இங்கே வெயில் ஏறியதும் திரும்பிவிடுவார்கள். போன முறை அவர்கள் வந்திருந்தபோது அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நவம்பர் 1 இடப்பக்கம் இருந்தது. நவம்பர் 3 வலப்பக்கம் இருந்தது. நவம்பர் 2 இரண்டு பக்கத்திலும் இல்லை.

“ரெண்டாம் தேதி எங்க அத்தை?”

“அது ஆகாசத்துல போச்சுப்பா” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நவம்பர் 1 மாலை டொரன்டோவில் விமானம் ஏறினார்கள். லண்டனில் இறங்கும்போது 2-ஆம் தேதி காலை. அங்கே மாறி ஏறி, சென்னை வந்து சேர்ந்தபோது 3-ஆம் தேதி விடியற்காலை. நடுவில் ஒரு முழுத் தேதி கனடா மண்ணிலும் இல்லை, இந்திய மண்ணிலும் இல்லை.

திரும்பிப் போனதைப் பார்த்தால் இதற்கு நேர் எதிர். மே 19 விடியற்காலை சென்னையில் புறப்பட்டு, அதே மே 19 சாயங்காலம் டொரன்டோவில் இறங்கினார்கள். அந்தத் தேதி நோட்டின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது.

கிழக்கு நோக்கிப் பறப்பவர் சூரியனை எதிர்கொண்டு போகிறார். அவருடைய பகலும் இரவும் சுருங்கிவிடும். மேற்கே பறப்பவர் சூரியன் போகும் திசையிலேயே போகிறார். அவருடைய நாள் நீண்டுவிடும். டொரன்டோவுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. வரும்போது தொலைத்ததைப் போகும்போது பூமியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பூமியின் கணக்கில் பிசகில்லை. சிக்கல் முழுவதும் அரசாங்கங்களின் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு நாள் என்றால் என்ன என்பதில் எல்லா அரசாங்கங்களும் ஒத்துப்போவதில்லை.

வேலையில் இருக்கும்வரை இது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. இரண்டு வார விடுமுறையில் போய்வருபவருக்கு நாள் எண்ணும் அவசியம் இல்லை. ஓய்வு பெற்று, ஆண்டை இரண்டு நாடுகளுக்குப் பங்கு போட்டு வாழ நினைப்பவருக்குத்தான் இது உயிர்நாடி. “எந்த விசா எடுப்பது?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, “என் நாட்களை யார் யார் எண்ணுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள்?” என்பது.

பிரிட்டனின் வரித்துறையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அந்த நாட்டில் வசிப்பவரா இல்லையா என்று முடிவு செய்ய 2013 ஏப்ரல் 6 முதல் ஒரு சட்டச் சோதனை இருக்கிறது. அதில் பொதுவாக எண்ணப்படுவது நள்ளிரவு. கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது நீங்கள் பிரிட்டனில் இருந்தால் அந்த நாள் கணக்கில் சேரும். காலையில் இறங்கி மாலையில் கிளம்பிவிட்டால் பொதுவாகச் சேராது. அந்த ஏப்ரல் 6-க்கே ஒரு கதை உண்டு. 1752-இல் பிரிட்டன் பழைய காலண்டரை விட்டுப் புதியதற்கு மாறியபோது செப்டம்பர் மாதத்தில் பதினொரு தேதிகளை நீக்கியது. மார்ச் 25-இல் தொடங்கிவந்த கணக்காண்டு, அந்த நாட்களை ஈடுகட்டத் தள்ளிப்போய்க் கடைசியில் ஏப்ரல் 6-இல் நின்றது. இன்று ஸ்பெயினுக்கும் லண்டனுக்கும் போய்வரும் ஒரு பாட்டியின் வரிக் கணக்கில் 1752-இன் தழும்பு இருக்கிறது.

அமெரிக்க வரித்துறை நள்ளிரவைப் பார்ப்பதில்லை. ஒரு நாளின் எந்தப் பகுதியில் அந்த மண்ணில் இருந்தாலும் அது முழு நாள். இரவு பதினொன்றரைக்கு இறங்கினாலும் ஒரு நாள் போயிற்று. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளும் இதே வழியில்தான் எண்ணுகின்றன. நுழையும் நாள் ஒன்று, வெளியேறும் நாள் ஒன்று, இரண்டும் சேரும். இப்படி எண்ணினால் எல்லை தாண்டும் நாள் இரண்டு நாடுகளின் ஏட்டிலும் ஏறிவிடும். இரண்டு நாட்டுக் கணக்கையும் கூட்டினால் ஆண்டுக்கு 365-க்கு மேல் வரலாம். அத்தையின் மே 19 அப்படிப்பட்ட நாள்.

கனடாக்காரர்களில் குளிருக்குத் தப்பித் தெற்கே போகிறவர்களை அங்கே ‘ஸ்னோபேர்ட்’ என்பார்கள், பனிப்பறவை. ஃப்ளோரிடாவும் அரிசோனாவும் அவர்களுடைய கூடுகள். அமெரிக்காவில் ஓய்வுபெற்றவர்களுக்கென்று தனி விசா கிடையாது. கனடா குடிமக்கள் விசா இல்லாமலே உள்ளே போகலாம். வழக்கமாக ஆறு மாதம் வரை தங்கலாம். ஐம்பது வயது தாண்டிய கனடாக்காரர்கள் ஆண்டுக்கு 240 நாட்கள் தங்கலாம் என்று ஒரு மசோதா அமெரிக்க காங்கிரசில் பலமுறை கொண்டுவரப்பட்டது, சட்டமாகவில்லை.

ஆறு மாதம் தங்கலாம் என்பது குடிவரவுத் துறையின் பேச்சு. வரித்துறையின் பேச்சு வேறு. 1984-இல் வந்த ஒரு சூத்திரம் அங்கே இருக்கிறது. இந்த ஆண்டு தங்கிய நாட்கள் முழுவதும், போன ஆண்டு தங்கியதில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு என்று மூன்றையும் கூட்ட வேண்டும். இந்த ஆண்டில் குறைந்தது 31 நாட்கள் இருந்து, கூட்டுத்தொகை 183-ஐத் தொட்டுவிட்டால், வரிக் கணக்கில் நீங்கள் அமெரிக்காவில் வசிப்பவர்.

183 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். 365-இல் பாதி 182½. பாதியைத் தாண்டும் முதல் முழு எண் 183. ‘ஆண்டில் பாதிக்கு மேல் இருப்பவர் இங்கே வசிப்பவர்’ என்பது உலகம் முழுவதும் பரவிய ஒரு பழைய உணர்வு. ஆனால் அந்தப் பின்னங்கள்? ஒன்று, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. கூட்டினால் சரியாக ஒன்றரை. ஆண்டுதோறும் ஒரே அளவு நாட்கள் தங்குபவருக்கு 183-ஐ ஒன்றரையால் வகுத்தால் 122. அதாவது நான்கு மாதம். பாதி ஆண்டு என்ற எல்லையை, தொடர்ந்து வருபவர்களுக்கு மட்டும், மூன்றில் ஒரு பங்கு ஆண்டாக இந்தச் சூத்திரம் சத்தமில்லாமல் இறக்கிவிடுகிறது. ஆண்டுக்கு 121 நாட்கள் தங்கினால் கூட்டுத்தொகை 181½, தப்பிக்கலாம். 122 என்றால் 183, மாட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு நாள் வித்தியாசம். ஒரு சட்டப் பிரிவுக்குள் இவ்வளவு நேர்த்தியான எண்கணிதம் ஒளிந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

மாட்டிக்கொண்டவருக்கும் வழி உண்டு. தன் வீடு, குடும்பம், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் கனடாவோடுதான் நெருக்கம் என்று காட்டி 8840 என்ற படிவத்தை அமெரிக்க வரித்துறைக்கு அனுப்பலாம். அந்த ஒரே ஆண்டில் மட்டுமே 183 நாட்களைத் தொட்டவருக்கு அந்தப் படிவம் உதவாது. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தைத்தான் நாட வேண்டும். ‘எனக்குத்தான் அங்கே வருமானமே இல்லையே’ என்று படிவத்தை அனுப்பாமல் விட்டுவிடும் முதியவர்கள் நிறைய. முன்பெல்லாம் யார் எண்ணப் போகிறார்கள் என்ற தைரியம் இருந்தது. இப்போது கனடாவும் அமெரிக்காவும் பயணிகளின் நுழைவு விவரங்களை ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்கின்றன. தரைவழிப் பயணத்தில் எல்லோருக்கும் 2019 முதல் இது நடக்கிறது. ஒரு நாட்டுக்குள் நுழைந்த பதிவுதான் மற்ற நாட்டை விட்டு வெளியேறிய பதிவு. விமானத்தில் வெளியேறுபவர்களின் விவரத்தைக் கனடா 2020 முதல் விமான நிறுவனங்களிடமிருந்து வாங்குகிறது.

ஐரோப்பாவின் கணக்கு இன்னும் சுவாரசியம். ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். விசா இல்லாமலோ சுற்றுலா விசாவிலோ போகிறவர் ‘எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்’ தங்கலாம். இதை ‘ஆறு மாதத்துக்கு மூன்று மாதம்’ என்று புரிந்துகொண்டு, ஜனவரியிலிருந்து ஜூன், ஜூலையிலிருந்து டிசம்பர் என்று இரண்டு கட்டமாகப் பிரிக்கிறவர்கள் உண்டு. அது தவறு. இந்த 180 நாள் எங்கேயும் நின்று தொடங்குவதில்லை. உங்களோடு நகர்ந்துகொண்டே வருகிறது.

ஒரு நீளமான பேருந்தைக் கற்பனை செய்யுங்கள். வரிசையாக 180 இருக்கைகள். தினமும் முன்வாசலில் ஒருவர் ஏறுகிறார். எல்லோரும் ஒரு இருக்கை பின்னால் நகர, கடைசி இருக்கைக்காரர் பின்வாசலில் இறங்குகிறார். ஏறுகிறவர்தான் இன்றைய நாள். நீங்கள் ஐரோப்பாவில் இருந்த நாளென்றால் அவர் தலையில் சிவப்புத் தொப்பி. எந்த நேரத்தில் எண்ணினாலும் பேருந்துக்குள் சிவப்புத் தொப்பிகள் 90-ஐத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் விதி.

இது யாரைக் கடித்தது என்றால், ஸ்பெயினில் குளிர்கால வீடு வைத்திருந்த பிரிட்டிஷ் முதியவர்களை. 2020 டிசம்பர் 31 வரை அவர்கள் அக்டோபரில் போய் மார்ச் கடைசியில் திரும்புவார்கள், யாரும் எண்ணவில்லை. பிரெக்ஸிட்டுக்குப் பின் 2021 ஜனவரி 1 முதல் அவர்களுக்கும் இந்தப் பேருந்து வந்துவிட்டது. அக்டோபர் 1-ஆம் தேதி போனால் 90-ஆவது நாள் டிசம்பர் 29. புத்தாண்டுக்கு மூன்று நாள் முன்பு வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். அதன்பிறகு பேருந்தில் முதல் சிவப்புத் தொப்பி இறங்குவது மார்ச் 30 அன்று. அன்றுதான் மறுபடி நுழையலாம். எந்தக் குளிருக்குத் தப்ப வீடு வாங்கினார்களோ, அந்த ஜனவரி, பிப்ரவரி முழுக்க பிரிட்டனில். மார்ச் 30-இல் நுழைந்தவருக்கு மட்டும் ஒரு ஆறுதல்: தினமும் ஒரு தொப்பி ஏற ஒரு தொப்பி இறங்குவதால் இன்னொரு முழு 90 நாள் இருக்கலாம்.

அவர்களுக்கான மாற்று வழிகள் நாட்டுக்கு நாடு வேறு. ஸ்பெயினில் வேலை செய்யாமல் சொந்தப் பணத்தில் வாழ்பவர்களுக்கென்று ஒரு வசிப்பு விசா உண்டு. அரசு நிர்ணயிக்கும் ஒரு வருமான அலகின் நான்கு மடங்கைக் காட்ட வேண்டும். சமீப ஆண்டுகளில் அது மாதம் 2,400 யூரோ, கூட வரும் துணைக்கு மேலும் 600. தனியார் மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஆனால் காலண்டர் ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் அங்கே இருந்தால் உலகம் முழுவதிலுமிருந்து வரும் வருமானத்துக்கும் ஸ்பெயினில் வரிக் கணக்குக் காட்ட வேண்டும். போர்ச்சுகலின் டி7 விசாவுக்கு அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம்தான் அளவுகோல். ஆனால் அதில் வசிப்பு அட்டை வாங்கியவர் நீண்ட நாள் வெளியே இருந்தால் அட்டையை இழக்கலாம். பாதி ஆண்டு மட்டும் வாழ நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

என் பார்வையில் இரு நாட்டு வாழ்க்கையை உண்மையில் புரிந்துகொண்டு செய்யப்பட்டது பிரான்சின் தற்காலிக நீண்டகால விசாதான். ஆறு மாதம் வரை தங்கலாம். வசிப்பு அட்டை எடுக்க வேண்டாம். முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். குறை ஒன்றே: ஒவ்வொரு முறையும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வீடு வைத்திருக்கும் பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்த உரிமையைத் தானாகவே கொடுத்துவிடலாம் என்று பிரான்ஸ் நாடாளுமன்றம் 2023 கடைசியில் ஒரு சட்டத்தில் சேர்த்தது. 2024 ஜனவரியில் அரசியலமைப்பு மன்றம் அதை நீக்கிவிட்டது.

ஷெங்கன் நாடுகளின் நாள் கணக்குக்கு இத்தனை காலம் சான்றாக இருந்தது பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரை. பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். ஒரு மூலையில் நட்சத்திரங்களுக்கு நடுவே நாட்டின் எழுத்து. இன்னொரு மூலையில் நுழைந்ததா வெளியேறியதா என்று சொல்லும் அம்புக்குறி. எந்த வழியில் வந்தீர்கள் என்பதற்கு ஒரு குட்டி விமானமோ ரயிலோ காரோ கப்பலோ. மை மங்கினால் அதிகாரி பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விரல்விட்டு எண்ணுவார். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக அந்த முத்திரைக்குப் பதில் கணினிப் பதிவு வந்திருக்கிறது. முகத்தின் படம், விரல் ரேகை, நுழைந்த தேதி, வெளியேறிய தேதி. இனி எண்ணுவது இயந்திரம். அதற்குக் களைப்பும் இல்லை, கருணையும் இல்லை.

தாய்லாந்தில் இன்னொரு வகைப் பொறி. ஐம்பது வயது ஆனவர் ஓய்வுக்கால அனுமதி பெறலாம். வங்கியில் 8 லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் தங்க அனுமதி கிடைக்கும். ஆனால் மறு நுழைவு அனுமதி வாங்காமல் நாட்டை விட்டு வெளியேறினால், விமானம் எழும்பிய உடனே அந்த ஆண்டு அனுமதி செத்துவிடும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. அங்கேயே தங்குபவருக்கு இது தேவைப்படாது. இரண்டு நாட்டில் வாழ்பவருக்கு இதுதான் எல்லாம்.

நம்மவர்களுக்கு வருகிறேன். நம் ஊர்களில் அதிகம் நடக்கும் குழப்பம், விசாவின் ஆயுளையும் தங்கும் காலத்தையும் ஒன்றாக நினைப்பது. மகன் வீட்டுக்கு அமெரிக்கா போகும் பெற்றோர், “பத்து வருஷ விசா இருக்கு” என்கிறார்கள். பத்து வருடம் என்பது போய்க் கதவைத் தட்டுவதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி ஒவ்வொரு முறையும் முடிவு செய்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும், இணையத்தில் பார்க்கலாம். அதைத் தாண்டி 180 நாட்களுக்கு மேல் இருந்துவிட்டு வெளியேறினால் மூன்றாண்டு, ஓராண்டு இருந்துவிட்டால் பத்தாண்டு உள்ளே நுழையத் தடை. பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்காகச் சில நாள் கூடத் தங்கினாலும் அந்தப் பத்தாண்டு விசாவே செல்லாமல் போய்விடும்.

கனடாவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு சூப்பர் விசா இருக்கிறது. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டும். 2022 ஜூலை முதல் ஒரு முறை நுழைந்தால் ஐந்தாண்டு வரை தங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டுத் தொகைதான் பல குடும்பங்களைத் தயங்க வைக்கிறது.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர் திரும்பி வந்து தங்க ஓசிஐ அட்டை. 2005-இல் தொடங்கியது. தங்கும் நாளுக்கு வரம்பே கிடையாது; காவல் நிலையத்தில் பதிவும் வேண்டாம். உலகத்தில் இரு நாட்டு வாழ்க்கைக்கு இவ்வளவு தாராளமான ஏற்பாடுகள் சிலவே. ஆனால் அது குடியுரிமை இல்லை. வாக்கு இல்லை. விவசாய நிலம் வாங்க முடியாது. காவிரிக் கரையில் நாலு மா நிலம் வாங்க வேண்டும் என்று கனவோடு வரும் டெல்டாக்காரர்களுக்கு இது வலிக்கும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இலங்கை ஏற்கிறது, ஸ்கார்பரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஆண்டைப் பிரித்துக்கொள்ளும் முதியவர் அங்கே இரட்டைக் குடியுரிமையை மீட்டுக்கொண்டால், விசா நாட்களை எண்ணும் வேலையே அவருக்கு இல்லை.

விசா நாள் எண்ணும் வேலை இல்லாவிட்டாலும் மற்ற நாட்களை எண்ணியாக வேண்டும். அத்தை, மாமாவுக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

அவர்கள் ஏப்ரல் கடைசியில் திரும்புவதாகத்தான் டிக்கெட். ஏப்ரல் நடுவில் மாமா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, வாக்கர், பிசியோதெரபி. மருத்துவர் பயணத்துக்குச் சம்மதித்தது மே நடுவில்தான். ஒருநாள் இரவு அத்தை கூடத்து விளக்கின் கீழ் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். மாமாவின் வலியை விட அந்த நோட்டுத்தான் அவரை அன்று தூங்கவிடவில்லை. ஒன்டாரியோ மாகாணத்தின் இலவச மருத்துவக் காப்பீடு நிலைக்க, எந்த 12 மாதத்திலும் 153 நாட்கள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். 365-இல் 153 போனால் 212. அதுதான் வெளியே இருக்கக்கூடிய உச்சம். நவம்பர் 2 முதல் மே 18 வரை 198 நாட்கள் என்று கணக்கு வந்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இன்னும் பதினான்கு நாள் இருக்கிறதே.

பிறகு பக்கத்தை முன்னால் புரட்டினார். செப்டம்பரில் நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டில் பத்து நாள். அதுவும் ஒன்டாரியோவுக்கு வெளியேதான்.

208. மிச்சம் நான்கு நாட்கள்.

வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து வரி கட்டிய எழுபத்து மூன்று வயதுப் பெண்மணி, உடைந்த இடுப்போடு படுத்திருக்கும் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து விரல்விட்டு நாள் எண்ணியதை நான் மறக்க மாட்டேன். இந்த வாழ்க்கையைத் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லா நாளையும் செலவு செய்துவிடக் கூடாது என்று அன்றுதான் புரிந்தது. விதி 212 என்றால் 180-இல் நின்றுகொள்ளுங்கள். மிச்சம் நோய்க்கு, சாவுக்கு, ரத்தாகும் விமானத்துக்கு. கனடாவின் ஓய்வூதியத்திலும் இப்படி ஒரு எல்லை இருக்கிறது: பதினெட்டு வயதுக்குப் பின் இருபதாண்டு கனடாவில் வசித்தவருக்கு முதியோர் ஓய்வூதியம் எங்கே இருந்தாலும் வரும், ஆனால் குறைந்த வருமானக்காரர்களுக்கான கூடுதல் உதவித்தொகை, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும்.

இந்திய வருமான வரியின் கணக்கு இதற்குப் பிறகுதான் வந்தது. நம் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் வந்து தங்கும்போது, ஒரு நிதியாண்டில் 182 நாட்களைத் தொட்டால் வரிக் கணக்கில் இங்கே ‘ரெசிடென்ட்’. இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுபவருக்கு அந்த எல்லை 120-க்கே வந்துவிடலாம். மாமாவுக்கு அவ்வளவு வருமானம் இல்லை. அவர் இங்கே இருந்தது 198 நாட்கள். 182-ஐத் தாண்டியதுபோல் தெரியும். ஆனால் நவம்பர் 3 முதல் மார்ச் 31 வரை 149 நாட்கள் ஒரு நிதியாண்டில். ஏப்ரல் 1 முதல் மே 19 வரை 49 நாட்கள் அடுத்த நிதியாண்டில். இரண்டிலும் எல்லைக்கு உள்ளேதான்.

ஆனால் அந்த 49 நாட்கள் அடுத்த குளிர்காலத்தின் கணக்கில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டன. வழக்கம்போல் நவம்பர் 3-ஆம் தேதியே வந்தால் மார்ச் 31 வரை 149, அதோடு 49, மொத்தம் 198. மாட்டிக்கொள்வார்கள். 181-ஐத் தாண்டக் கூடாது என்றால் மிச்சம் இருப்பது 132 நாட்கள். மார்ச் 31-லிருந்து பின்னோக்கி 132 எண்ணினால் வரும் தேதி நவம்பர் 20. மாமா விழுந்தது ஒரு சித்திரை மாதத்தில். அதன் பாதிப்பு அடுத்த கார்த்திகையில் வந்து நிற்கிறது.

இந்த விதிகள் எதுவும் கல்வெட்டு இல்லை. மலேசியா 2002-இல் தொடங்கிய ‘இரண்டாம் இல்லம்’ திட்டம் பல ஆயிரம் பேரை ஈர்த்தது. 2021-இல் நிபந்தனைகளை இறுக்கி, 2024-இல் மறுபடி மாற்றி அமைத்தார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருடம் முன்பு சொன்னதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அந்தந்தத் தூதரகத்தின் தளத்தையும் ஒரு வரி ஆலோசகரையும் கேளுங்கள். வயதான பெற்றோர் இப்படிப் போய்வருகிறார்கள் என்றால் பிள்ளைகள் யாராவது ஒருவர் அவர்களுடைய தேதிகளை எழுதி வையுங்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

அத்தை இந்த ஆண்டுக்கான பக்கத்தில் கோடு போட்டுவிட்டார். வலப்பக்கத்தின் முதல் வரியில் பென்சிலால் எழுதியிருக்கும் தேதி நவம்பர் 20.